பெடல் மிதித்த கால்: திருப்பூர்த் தையல் தொழிலாளி ஒருவரின் விபத்து இழப்பீட்டு வழக்கு

என் அக்கா 18 வயதில் கைமடித்துக் கொடுக்கும் ஹெல்பராகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஆறே மாதத்தில் மெஷினில் உட்கார்ந்து, அதன்பின் 16 ஆண்டுகள் ஓவர்லாக், பேட்லாக் என்ற இரு வகைத் தையல் மெஷின்களையும் ஓட்டிப் பிழைத்தவர். 2022 ஜூலையில், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 9 மணிக்கு மேல் மாமாவின் மொபெட்டில் பல்லடம் சாலை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, வலப்பக்கமாக முந்திய சரக்கு வேன் ஒன்று சட்டென்று இடப்பக்கம் ஒடித்ததில், வேனின் முன் பம்பருக்கும் மொபெட்டுக்கும் நடுவில் அவருடைய வலது கால் சிக்கிக்கொண்டது. சுடிதார் அணிந்து இரு பக்கமும் கால் போட்டு அமர்ந்திருந்தார். கணுக்காலின் இரு புறத்து எலும்புகளும் முன்னங்கால் எலும்பின் கீழ்முனையும் உடைந்தன.

அந்தக் காலுக்கான இழப்பீட்டைக் கேட்டுத் திருப்பூரில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தொடுத்த மனு 2025-இல் முடிந்தது. முதல் நாள் மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டது முதல் கடைசி நாள் தீர்ப்பு நகல் வாங்கியது வரை உடனிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்; ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவன். எதிர்த்தரப்பு, மருத்துவமனை, காவல் நிலையம், வழக்கறிஞர் ஆகியோரின் பெயர்களை விட்டிருக்கிறேன். தொகைகளை ஆயிரங்களுக்கு முழுமையாக்கியிருக்கிறேன். சட்டம் தொடர்பான எண்கள் உள்ளபடியே உள்ளன.

இந்த வழக்கைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்றுதான். ஒரு காலில் எவ்வளவு ஊனம் என்பதை மருத்துவர் சொல்லிவிடுவார். அந்தக் காலை வைத்துப் பிழைத்த பிழைப்பில் எவ்வளவு போயிற்று என்பதை அவரால் சொல்ல முடியாது. அதை யாராவது தீர்ப்பாயத்தின் முன் எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது கணக்கிலேயே வராது. எங்கள் வழக்கில் அதைக் காட்டியவர் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர்.

முதல் பதினைந்து நாட்கள்

அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அந்த வழியாகப் போன யாரோ ஒரு புண்ணியவான். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எப்படி ஆயிற்று என்று கேட்டபோது, மோதியதைப் பார்க்காத அவர், "வண்டியிலிருந்து விழுந்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிட்டது: இருசக்கர வாகனத்தில் செல்லும்போது தவறி விழுந்ததாகச் சொல்லப்பட்டது என்று ஒரே வரி. வேனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தாளை நாங்கள் யாரும் அன்று படித்துப் பார்க்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் புரட்டுவதிலும், பிள்ளைகளை யார் வீட்டில் விடுவது என்பதிலும் நாட்கள் போய்விட்டன. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது நான்காம் நாள். வேனின் காப்பீட்டு நிறுவனம் மூன்று ஆண்டுகள் பிடித்துத் தொங்கியது இந்த இரண்டையும்தான்: அந்த ஒரு வரியையும், இந்த நான்கு நாட்களையும்.

பணத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டு நாட்கள் எங்களுக்குக் கைகொடுத்தது தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம். 2021 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் வரும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. அப்போது அதற்கான வரம்பு ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது. அதன்பின் ஆன செலவு எங்களுடையது.

மூன்றாம் நாள் ஒருவர் வார்டுக்கே வந்தார். அக்காவின் பெயர், கட்டில் எண், எந்தக் கால் என்பது வரை அவருக்குத் தெரிந்திருந்தது. நிரப்பாத வக்காலத்துப் படிவங்களை நீட்டி, செலவு முழுவதும் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும், வருகிற தொகையில் 25 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். கையில் காசில்லாத நேரத்தில் அது உதவியைப் போலவே காதில் விழும். மாமா பேனாவை வாங்கிவிட்டார். தையல் போட்ட வலியில் படுத்திருந்த அக்காதான், "எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க, தம்பி வரட்டும்" என்று தடுத்தார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும், ஆள் விட்டு வழக்குப் பிடிப்பதையும் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகள் தடை செய்திருக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இன்னொன்றும் அன்று தெரியாது: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்கள் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கிறது. மருத்துவமனையின் தாழ்வாரத்தில் தரகர் வருகிறார். இந்தச் செய்தி வருவதில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆதங்கம் தீரவில்லை.

எங்கள் வழக்கறிஞரை அக்காவோடு வேலை பார்த்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். விபத்து நடந்த பதினோராம் நாள் அவரைப் பார்த்தோம். பெரிய அலுவலகம் இல்லை. மாடியில் ஒரே அறை. அவருடைய தாயார் பல ஆண்டுகள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவர் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கட்டணத்தை ஒரு தொகையாகப் பேசி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார்: விபத்து நடந்த இடத்தில் எந்தக் கடை திறந்திருந்தது, ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது, அக்கா எந்த மெஷின் ஓட்டுவார்.

மூன்றாவது கேள்வியின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. முதல் கேள்விக்காக அன்று மாலையே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு சம்பவ இடத்துக்குப் போனார். சாலையோரத்தில் ஒரு பேக்கரி இருந்தது. அதன் வாசலில் இருந்த கேமராவில் பழைய பதிவுகள் 15 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். இன்னும் நான்கு நாட்கள் மிச்சம் இருந்தன. பதிவைப் பென் டிரைவில் எடுத்து, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, அப்போதிருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவின்படி தேவையான சான்றிதழையும் கடைக்காரரிடமிருந்தே வாங்கி, ஒரு பிரதியைக் காவல் நிலையத்துக்குக் கொடுக்கச் செய்தார். படம் தெளிவாக இல்லை. ஆயினும் வேன் வலப்பக்கம் முந்துவதும் உள்ளே ஒடிப்பதும் தெரிந்தன. வேனின் எண்ணைக் குறித்து வைத்திருந்த டீ மாஸ்டர் சாட்சியானார். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் வேனின் இடது முன் மூலையில் புதிய உராய்வு இருந்ததாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர்க் குற்றவியல் நீதிமன்றத்தில் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். இத்தனையும் சேர்ந்துதான் மருத்துவமனையின் அந்த ஒரு வரியை வென்றன. நாங்கள் வழக்கறிஞரிடம் ஐந்து நாள் தாமதித்துப் போயிருந்தால் அந்தப் பதிவு இருந்திருக்காது.

மனுவும் எதிர்வாதமும்

2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இழப்பீடு தொடர்பான பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படியான மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு மீண்டும் வந்திருக்கிறது. பல ஆண்டுகளாகக் காலவரம்பே இல்லாதிருந்ததால், "மெதுவாப் போட்டுக்கலாம்" என்று சொல்பவர்கள் இன்றும் ஊருக்குள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை நம்பக் கூடாது. எங்கள் மனு ஐந்தாம் மாதம் தாக்கலானது.

காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரை நீளமானது. அதில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொபெட்டை ஓட்டிய மாமாவின் மீதும் தவறு இருக்கிறது, ஆகவே தொகையைக் குறைக்க வேண்டும் என்றார்கள். பின்னால் அமர்ந்து சென்றவர் எந்தத் தவறும் செய்யாதவர். இரு ஓட்டுநர்களின் கூட்டு அலட்சியத்தால் அடிபட்டவர் தம் முழு இழப்பீட்டையும் இருவரில் யாரிடமிருந்தும் பெறலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விதி இதற்கு விடையானது. அக்கா ஹெல்மெட் அணியவில்லை என்றார்கள். உடைந்தது கணுக்கால் என்பதால், அணிந்திருந்தாலும் அந்த எலும்பு உடைந்துதான் இருக்கும் என்று தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஒதுக்கியது. வேன் ஓட்டுநரிடம் இலகுரக வாகன உரிமம் மட்டுமே இருந்தது, சரக்கு வாகனத்துக்கான தனி ஒப்புதல் இல்லை என்ற வாதம் மட்டும் எங்களைக் கொஞ்சம் கலங்க வைத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்தை ஓட்ட இலகுரக உரிமமே போதும் என்று தீர்ப்பளித்ததால் அந்தக் கலக்கமும் நீங்கியது.

மீதி இருந்தவை இரண்டு: அக்காவின் வருமானம் எவ்வளவு, அவருடைய ஊனம் எவ்வளவு. வழக்கின் உயிர் இவை இரண்டிலும்தான் இருந்தது.

சம்பள நோட்டு

திருப்பூரில் காண்ட்ராக்ட் எடுத்தவரின் கீழ்ப் பீஸ் ரேட்டுக்கோ ஷிப்ட் கணக்குக்கோ தைக்கும் டைலருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. சனிக்கிழமை மாலை கையில் பணம் வரும். அக்காவுக்குப் பி.எஃப். பிடித்தமும் இல்லை, இ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை, வங்கிக் கணக்கில் எரிவாயு மானியத்தைத் தவிர வேறு வரவும் இல்லை. மாதம் 18,000 ரூபாய் சம்பாதித்தார் என்று மனுவில் கேட்டிருந்தோம். ஆதாரம் எதுவும் இல்லை, 9,000 ரூபாய்க்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது என்றது காப்பீட்டு நிறுவனம்.

ஆதாரம் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் நாள்தோறும் ஷிப்ட் எண்ணிக்கையையும், பீஸ் ரேட்டாக இருந்தால் எத்தனை டஜன் என்பதையும், சனிக்கிழமை வாங்கிய தொகையையும் பென்சிலால் எழுதி வந்திருக்கிறார். தைப்பவர்களில் பலர் இப்படி எழுதுவார்கள், காண்ட்ராக்டரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க. ஆர்டர் இல்லாத வாரங்களில் வெறும் கோடு. அந்த வெறும் கோடுகள் வழக்கைக் கெடுத்துவிடும் என்று நான் பயந்தேன். வழக்கறிஞரோ அவைதாம் இந்த நோட்டை நம்ப வைக்கும் என்றார். வழக்குக்காக எழுதிய நோட்டில் யாரும் வேலையில்லாத வாரத்தைக் காட்டமாட்டார்கள் அல்லவா?

காண்ட்ராக்டர் சாட்சி சொல்ல வரத் தயங்கினார். தம் பிடித்தக் கணக்குகள் வெளியே வரும் என்ற அச்சம் அவருக்கு. வழக்கறிஞர் இரண்டு முறை அவரை நேரில் பார்த்துப் பேசினார். கடைசியில் வந்தார். தம்முடைய வாரக் கணக்குப் புத்தகத்தின் ஆறு மாதப் பக்கங்களையும் கொண்டுவந்தார். அக்காவின் நோட்டும் அந்தப் புத்தகமும் சில வாரங்கள் தவிர ஒத்துப்போயின. வேலையில்லாத வாரங்களையும் கழித்துப் பார்த்த தீர்ப்பாயம், மாத வருமானத்தை 14,000 ரூபாய் என்று முடிவு செய்தது. இது நியாயமான தொகை என்றே நான் கருதுகிறேன்.

பெடல்

மருத்துவக் குழு அக்காவைப் பரிசோதித்து, வலது காலில் நிரந்தர ஊனம் 40 சதவீதம் என்று சான்றளித்தது. இதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் 40 சதவீதம் என்ற எண்ணையே பிடித்துக்கொண்டோம். அது அந்த ஒரு காலுக்கான எண். முழு உடலுக்கு என்று பார்த்தால் பாதிதான் வரும் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் சொன்னபோது திகைத்துப் போனோம். அந்தப் பாதியையும் அவர் 'சதவீத முறை'யில் கணக்கிடச் சொன்னார்.

தமிழ்நாட்டில் இழப்பீட்டு வழக்கில் இருப்பவர்கள் இந்தச் சொல்லைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஊனம் இருந்தாலும் சம்பாதிக்கும் திறன் குறையவில்லை என்று தீர்ப்பாயம் கருதினால், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இத்தனை ஆயிரம் என்று ஒரு தொகை போடுவது இங்கே நெடுநாள் வழக்கம். ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தால், 20 சதவீதத்துக்கு 1,00,000 ரூபாய். அதோடு அந்தத் தலைப்பு முடிந்தது. மற்றொன்று பெருக்கல் முறை. சம்பாதிக்கும் திறனில் இழந்த பங்கை ஆண்டு வருமானத்தால் பெருக்கி, அதை வயதுக்குரிய பெருக்கு எண்ணால் (மல்டிபிளையர்) மீண்டும் பெருக்குவது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. இரண்டு முறைகளுக்கும் இடையில் இருப்பது பல லட்ச ரூபாய் வேறுபாடு. எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி: இந்த ஊனத்தால் இவருடைய தொழில் போயிற்றா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியை 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடிபட்டவரால் இன்னும் எவற்றைச் செய்ய முடியும், எவற்றைச் செய்ய முடியாது என்று முதலில் பார்க்க வேண்டும். அவர் முன்பு என்ன தொழில் செய்தார், வயது என்ன என்று அடுத்துப் பார்க்க வேண்டும். பழைய தொழிலையே செய்ய முடியுமா, குறைந்த வேலை ஏதாவது செய்து பிழைக்க முடியுமா, எதுவுமே முடியாதா என்று பிறகு முடிவு செய்ய வேண்டும். இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையானது, அதே கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் தொடர்ந்தால் வருமானத்தில் இழப்பே இல்லாமலும் போகலாம் என்று அத்தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஆகவே மருத்துவர் தரும் சதவீதம் ஒன்று, பிழைப்பில் குறையும் சதவீதம் வேறொன்று.

"எந்த மெஷின் ஓட்டுவார்" என்று முதல் நாளே வழக்கறிஞர் கேட்டதன் பொருள் இங்கே வந்து விளங்கியது.

சாட்சி விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அக்கா வேலை பார்த்த கம்பெனிக்கு அவர் எங்களை அழைத்துக்கொண்டு போனார். லைனில் இருந்த பேட்லாக் மெஷின் ஒன்றின் முன் தாமே உட்கார்ந்தார். அக்காவின் தோழி பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டினார். கீழே குனிந்து பார்த்தால் தெரிகிறது: கை துணியை நகர்த்துகிறது என்றாலும் மெஷினை ஓட்டுவது வலது பாதம். முன்பாதத்தை இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு வேகம். வளைவு வரும்போது அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். நேர்த்தையல் வந்ததும் மீண்டும் முழு மிதி. ஒரு பீஸுக்குள்ளேயே பாதம் எத்தனையோ முறை ஏறி இறங்குகிறது. அந்த அசைவு முழுவதும் கணுக்காலில் நடக்கிறது. முழங்காலோ தொடையோ அதைச் செய்வதில்லை. பிறகு அக்காவை உட்காரச் சொன்னார். பாதத்தைப் பெடலில் வைத்தார் அக்கா. அழுத்த முயன்றபோது கணுக்கால் மடங்காமல் கால் முழுவதும் சேர்ந்து இறங்கியது; மெஷின் ஒரே பாய்ச்சலில் ஓடித் துணியைச் சுருட்டிக்கொண்டது. மூன்றாம் முறை முயன்றபின், "மரக்கட்டையில மிதிக்கிற மாதிரி இருக்குதுங்க சார்" என்று சொல்லி எழுந்துவிட்டார். அக்கா அழுததை விபத்து நாளுக்குப் பிறகு நான் பார்த்தது அன்றுதான். வழக்கறிஞர் பெடலையும் இரு பாதங்களின் நிலையையும் பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டார்.

அந்தப் படங்கள் சான்றாவணங்களாகக் குறிக்கப்பட்டன. சிகிச்சை அளித்த எலும்பு முறிவு மருத்துவர் கூண்டில் நின்றபோது, வழக்கறிஞர் சதவீதத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இந்தக் கணுக்கால் மேல்நோக்கி எத்தனை டிகிரி மடங்கும் என்று கேட்டார். 5 என்றார் மருத்துவர். இயல்பாக 20 வர வேண்டும். கீழ்நோக்கி? 10 முதல் 15 வரை. இயல்பாக 50-ஐ ஒட்டி வர வேண்டும். படத்தைக் காட்டி, ஒரு நாளில் எட்டு மணி நேரம் இந்தப் பெடலை இப்படி மிதிக்க இந்தக் காலால் முடியுமா என்று கேட்டார். முடியாது, கட்டாயப்படுத்தினால் மூட்டுத் தேய்மானம் விரைவில் வரும் என்றார் மருத்துவர். குறுக்கு விசாரணையில், அவரால் நடக்க முடியும்தானே, உட்கார முடியும்தானே என்று கேட்கப்பட்டது. முடியும் என்றார். அதுவும் உண்மைதான்.

கணக்கு

இதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக 4,50,000 ரூபாய் தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் சொல்லியிருந்தது. அப்போது மருத்துவக் குழுவின் சான்றிதழ்கூட வந்திருக்கவில்லை. கடன் நெருக்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு வாங்கிவிடலாம் என்றே இருந்தது. மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட தொகையை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்பதை வழக்கறிஞர் விளக்கி, முடிவை அக்காவிடமே விட்டார். மக்கள் நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. காயம் ஆறி, மிஞ்சும் ஊனம் இன்னதென்று தெரிந்தபின் அங்கே நல்ல தொகைக்கு முடிந்த வழக்குகள் உண்டு. ஊனம் எவ்வளவு என்றே தெரியாத நிலையில் ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து. அக்கா மறுத்தார்.

தீர்ப்பாயம் பெருக்கல் முறையை ஏற்றது. பவர் மெஷினை ஓட்டும் வேலை அக்காவுக்கு இனி இல்லை என்றும், ஆனால் செக்கிங், பேக்கிங் போன்ற வேலைகளைச் செய்ய முடியும் என்றும் கண்டு, சம்பாதிக்கும் திறனில் இழப்பை 30 சதவீதம் என நிர்ணயித்தது. 2017-இல் பிரணாய் சேத்தி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில் செய்வோருக்கும் நிலையான சம்பளம் பெறுவோருக்கும் வருங்கால உயர்வாக வருமானத்தில் 40 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும். அது இறப்பு வழக்குகளுக்குத்தான் பொருந்தும், காயத்துக்குப் பொருந்தாது என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட்டது. கணினியில் தட்டச்சு செய்து பிழைத்து, விபத்தில் கையை இழந்த இளைஞர் ஒருவரின் வழக்கில், நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தும் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்ததால் அந்த வாதம் நிற்கவில்லை.

ஆகவே 14,000 ரூபாயோடு 5,600 ரூபாய் சேர்ந்து மாதம் 19,600 ஆயிற்று, ஆண்டுக்கு 2,35,200. அதை 16-ஆல் பெருக்க 37,63,200. அதில் 30 சதவீதம் 11,28,960 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் சொன்ன சதவீத முறையில் இதே இடத்தில் 1,00,000 ரூபாய் இருந்திருக்கும். பெருக்கல் முறையையே எடுத்திருந்தாலும், அவர்கள் சொன்ன 9,000 ரூபாய் வருமானத்துக்கும் 20 சதவீதத்துக்கும் வருங்கால உயர்வு இல்லாமல் கணக்கிட்டால் 3,45,600 ரூபாய்தான். ஒரு பென்சில் நோட்டும் ஒரு பெடலின் படமும் செய்த வேலை இந்த வேறுபாட்டில் தெரிகிறது.

இதனோடு மருத்துவச் செலவு 1,86,000, சிகிச்சைக் காலத்தில் 6 மாத வருமானம் 84,000, வலிக்கும் வேதனைக்கும் 75,000, வாழ்வின் வசதிகளை இழந்ததற்கு 50,000, தகட்டையும் திருகுகளையும் அகற்ற ஆகும் வருங்காலச் செலவு 40,000, உடனிருந்து கவனித்தவருக்கு 30,000, போக்குவரத்துக்கு 20,000, ஊட்டமான உணவுக்கு 20,000 சேர்த்து மொத்தம் 16,33,960 ரூபாயும், மனுத் தாக்கலான நாள் முதல் ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டியும் வழங்கும்படி உத்தரவானது. மருத்துவச் செலவில் ரசீது இல்லாத எதுவும் சேரவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தது, கட்டுப் பிரிக்கக் கொடுத்தது, ஊன்றுகோல் வாங்கியது என்று சுமார் 20,000 ரூபாய்க்கு எங்களிடம் சீட்டு இல்லை. அந்த வகையில் தவறு எங்களுடையது; கணக்கு எழுதுபவனான நானே அதைக் கவனிக்கத் தவறினேன்.

30 சதவீதம் என்பதில் மட்டும் எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. அக்கா இப்போது செக்கிங் வேலைக்குப் போகிறார். டைலராக வாங்கியதில் பாதிகூட வருவதில்லை. 16 ஆண்டுகள் பழகிய கைத்திறன் அந்த வேலையில் எதற்கும் பயன்படுவதும் இல்லை. 50 சதவீதம் கேட்டிருந்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், வெல்லவும் வாய்ப்பு உண்டு, ஆனால் இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்று வழக்கறிஞர் சொன்னார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். காப்பீட்டு நிறுவனமும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தொகை நேராக அக்காவின் வங்கிக் கணக்கில் வந்து, ஒரு பகுதி நிரந்தர வைப்பில் போடப்பட்டது. வழக்கறிஞருக்கு அந்தத் தாளில் எழுதியிருந்த கட்டணத்தின் கடைசித் தவணை மட்டுமே பாக்கி இருந்தது, அதைக் கொடுத்தோம்.

மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின், அசல் ஆவணங்களைத் திரும்பப் பெறுவதற்கான மனுவில் அக்கா கேட்டது அந்த நோட்டை மட்டும்தான். வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் தீர்ப்பாயத்தின் முத்திரையும் சான்றாவண எண்ணும் இருந்தன. அக்கா அதைப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 2022-இல் பாதியில் நின்றுபோன சீட்டுக்கு எத்தனை மாதம் கட்டியிருந்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.